இரு சமஸ்தானங்களில் ஹரிகேசநல்லூர் பாகவதர்

தாமிரபரணி பாயும் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில், வயலும் தோப்பும் சூழ்ந்த ஊர் ஹரிகேசநல்லூர். அரிகேசரி என்னும் பாண்டியனின் பெயரால் ஏற்பட்ட அரிகேசரிநல்லூரே நாளடைவில் இவ்வாறு மருவிற்று என்பர். பாண்டியனை மறந்துவிட்ட ஊரின் பெயரைப் பின்னாளில் இசையுலகம் முழுவதும் உச்சரிக்கச் செய்தவர் முத்தையா பாகவதர். அவர் இயற்றிய உருப்படிகளில் 'ஹரிகேச' என்னும் முத்திரை ஒலிக்கும். வாழ்நாளின் பிற்பகுதியைக் கன்னட நாட்டிலும் மலையாள நாட்டிலும் கழித்தவர், தம் பாட்டுக்குப் பிறந்த ஊரின் பெயரையே கையொப்பமாக வைத்தார் என்பதை நினைவில் கொண்டு அவர் வாழ்வைக் காண்பது நலம்.

1877ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் லிங்கமையர் இசையில் நாட்டமுடையவர். சங்கீத வித்துவான்களை ஆதரித்தவர். மகனுக்கு ஆறு வயது நடக்கையில் அவர் மறைந்தார். தாய்மாமன் லட்சுமண சூரியின் ஆதரவில் பிள்ளைக்கு வடமொழிக் கல்வியும் வேத பாடமும் தொடங்கின. ஆனால் மனம் சங்கீதத்தின்பால் ஓடிற்று. மீசை அரும்பாத வயதிலேயே குருவைத் தேடித் தஞ்சைத் தரணிக்குப் புறப்பட்டார். பதினைந்து மண்டபம் சாம்பசிவையரிடம் குருகுலவாசம். பின்னாளில் பெரும் வித்துவானாக விளங்கிய சபேசையரின் தந்தையார் அவர். ஆக, முதன்முதலாக ஊர் மாறிக் குடியேறியது ஏறத்தாழப் பத்து வயதிலேயே நிகழ்ந்துவிட்டது. பொருநைக் கரைப் பிள்ளை காவிரிக் கரையின் பாணியைக் கற்றுக்கொண்டது. மொழி ஒன்றுதான், ஆயினும் இசைக்கு அதுவே வேறு நாடு.

கம்பீரமான சாரீரம். தானம் பாடுவதில் தனித் திறமை. இளமையிலேயே திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜாவின் முன்னிலையில் பாடிப் பாராட்டுப் பெற்றார். பின்னர்க் கதாகாலட்சேபத்தில் இறங்கி, அதிலேயே பெரும்புகழ் ஈட்டினார். வள்ளி பரிணயமும் தியாகராஜ சுவாமிகளின் சரித்திரமும் அவர் வாயால் கேட்க வேண்டும் என்று மக்கள் திரண்ட காலம் அது. வடமொழிப் புலமை, நகைச்சுவை, மிருதங்கத்திலும் கோட்டு வாத்தியத்திலும் இருந்த பயிற்சி, எல்லாம் காலட்சேப மேடையில் ஒன்றுகூடின. 1920இல் மதுரையில் தியாகராஜ சங்கீத வித்தியாலயத்தை நிறுவினார். அங்கே அவரிடம் பயின்ற சிறுவர்களுள் ஒருவர் மதுரை மணி ஐயர். இந்த ஒரு மாணாக்கரைச் சொன்னாலே அப்பள்ளியின் பெருமை விளங்கும்.

இத்தனையும் அமைந்த ஒருவர், ஐம்பது வயதை நெருங்கும் வேளையில், பழகிய மேடைகளையும் தாமே தொடங்கிய பள்ளியையும் கடந்து வேறொரு நாட்டுக்குக் குடிபோவது எளிய செயலன்று. கதாகாலட்சேபக்காரருக்கு மொழிதான் மூலதனம். பாடகர் எந்த நாட்டிலும் பாடலாம். ராகத்துக்கு எல்லை இல்லை. கதை சொல்பவரோ, கேட்போரின் மொழியில் சிரிக்க வைத்துக் கலங்க வைத்தால்தான் அவருக்கு வாழ்வு. 1927இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் பாகவதரைத் தம் ஆஸ்தான வித்துவானாக ஏற்றபோது, இந்த மூலதனத்தின் பெரும்பகுதி மைசூர் எல்லைக்கு இப்பாலேயே தங்கிவிட்டது.

அக்கால மைசூர் அரசவையை எண்ணிப் பார்த்தால் அவர் நுழைந்த சபை எத்தகையது என்பது புலப்படும். வீணைக்கு அதுவே தலைநகர். வீணை சேஷண்ணா மறைந்து ஓராண்டே ஆகியிருந்தது. வீணை சுப்பண்ணா, பிடாரம் கிருஷ்ணப்பா, வாசுதேவாசாரியார் முதலானோர் அவையை அலங்கரித்தனர். மகாராஜாவோ வெறும் புரவலரல்லர்; வீணை, வயலின், புல்லாங்குழல், பியானோ எனப் பல வாத்தியங்களைத் தாமே வாசிக்கப் பழகியவர். அரண்மனையில் மேனாட்டு வாத்திய கோஷ்டி முழங்கும். அப்துல் கரீம்கான், ஃபையாஸ்கான் போன்ற இந்துஸ்தானி மேதைகள் வந்து பாடிப் பரிசு பெற்றுச் செல்வர். நவராத்திரி தர்பாரில் பாட வாய்ப்புக் கிடைப்பதையே வித்துவான்கள் வாழ்நாட் பேறாகக் கருதினர்.

வெளியூரிலிருந்து வந்து அங்கு நிலைப்பது எளிதன்று என்பதற்கு அதே ஆண்டுகளில் அதே நகரத்தில் ஒரு சான்று உண்டு. இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கிய காலத்திலேயே நாடெங்கும் புகழ்பெற்ற கல்கத்தாவின் கோஹர் ஜான், 1928இல் மைசூர் அரண்மனைப் பாடகியாக வந்து சேர்ந்தார். ஒன்றரை ஆண்டு செல்வதற்குள், 1930 ஜனவரியில், அந்நகரிலேயே கண்மூடினார். ஆதரவு இருந்தது, வேர் பிடிக்கக் காலம் இருக்கவில்லை.

பாகவதர் வேர்பிடித்த விதம் வியப்பானது. தம்மிடம் இருந்ததைக் காட்டி மட்டும் அவர் அவையில் இடம் தேடவில்லை. அந்த நாட்டின் தெய்வத்தையும் மொழியையும் எடுத்துக்கொண்டார். மைசூர் அரச குலத்தின் குலதெய்வம் மலைமேல் வீற்றிருக்கும் சாமுண்டேசுவரி. அவளுடைய அஷ்டோத்தர நாமங்கள் நூற்றெட்டுக்கும் நாமத்துக்கு ஒன்றாக 108 கிருதிகள் கன்னடத்தில் உருவாயின. சாகித்திய அமைப்பில் அரண்மனையைச் சார்ந்த கன்னடப் பண்டிதரின் துணை பாகவதருக்கு இருந்தது என்பர், அதனால் குறைவொன்றுமில்லை. வந்த நாட்டு மொழியை அந்நாட்டாரின் துணையோடு அணுகுவதே முறை. சிவபெருமானின் நூற்றெட்டு நாமங்களுக்கு வடமொழியிலும் கிருதிகள் செய்தார். பாகவதர் தேவி உபாசகர் ஆதலின், சாமுண்டி அவருக்கு அந்நியமாக இருந்திருக்க மாட்டாள். மதுரை மீனாட்சியை மலயத்துவச பாண்டியனின் மகளாக விளித்து கமாஸ் ராகத்தில் அவர் அமைத்த தரு வர்ணம் இன்றும் மேடைகளிலும் நாட்டிய அரங்குகளிலும் விளங்குகிறது. மீனாட்சியைப் பாடிய நாவுக்குச் சாமுண்டியைப் பாடுவதில் என்ன தடை?

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. அக்காலத்தில் மைசூரில் கிருதி இயற்றிய கன்னட நாட்டு வித்துவான்கள் பெரும்பாலும் தெலுங்கிலும் வடமொழியிலுமே இயற்றினர். வாசுதேவாசாரியாரின் புகழ்பெற்ற உருப்படிகள் அவ்விரு மொழிகளில் அமைந்தவையே. கன்னடம் புரந்தரதாசர் முதலான தாசர்களின் பதங்களில் செழித்திருந்தது; தியாகராஜர் வகுத்த கிருதி வடிவத்துக்கு அம்மொழி அவ்வளவாகப் பயன்படவில்லை. அந்த வடிவத்தில் ஒரு தொகுதியாக நூற்றெட்டை நிறைவேற்றியவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடியேறியவர். உள்ளூரார் வழக்கமாக எண்ணி விட்டுவிடுவதை வந்தவர் கண் திறந்து பார்க்கிறார். தமிழகத்தில் தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் இடம் வேண்டுமென்ற கிளர்ச்சி 1940களில் ஓங்குவதற்கு முன்பே, அடுத்த நாட்டில் அந்நாட்டு மொழிக்கு ஒரு தமிழர் இதைச் செய்திருந்தார்.

ராகங்களிலும் மைசூர் வாழ்வு தன் தடத்தைப் பதித்தது. புதிய ராகங்களைப் படைப்பதிலும், வழக்கிழந்தவற்றை எடுத்துப் பாடுவதிலும், வடநாட்டுச் சாயல்களைத் தென்னாட்டு மரபுக்கு இசைய அமைப்பதிலும் பாகவதருக்கு இணையானோர் அவர் காலத்தில் அரியர். மோகனத்தின் ஆரோகணத்தையும் கல்யாணியின் அவரோகணத்தையும் இணைத்து மோகனகல்யாணி பிறந்தது; அதில் அமைந்த 'புவனேசுவரிய' என்னும் கன்னடக் கிருதி தமிழ் மேடைகளில் இன்றளவும் ஒலிக்கிறது. ஹம்ஸானந்தி பரவலாக அறியப்பட்டதற்கு அவருடைய 'நீது மகிம' ஒரு முக்கியக் காரணம். கர்ணரஞ்சனி, புதமனோகரி, பசுபதிப்பிரியா, விஜயநாகரி, வலஜி என நீளும் பட்டியலை முழுதும் சொல்லப் புகுந்தால் இடம் போதாது.

நிரோஷ்டா ஒன்றைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லலாம். உதடு ஒட்டாதது என்பது பெயரின் பொருள். சப்த சுரங்களுள் மத்திமத்தையும் பஞ்சமத்தையும் பாடுகையில்தான் உதடுகள் சேர்கின்றன. 'ம', 'ப' என்று உச்சரிக்க வேறு வழியில்லை. அவ்விரண்டையும் நீக்கி ஐந்து சுரங்களால் ராகம் அமைத்தார். அதோடு நில்லாமல், 'ராஜராஜ ராதிதே' எனத் தொடங்கும் கிருதியின் சாகித்தியத்திலும் உதடு ஒட்டும் எழுத்து வாராமல் காத்தார். இது வித்தைக்காரனின் விளையாட்டு என்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் பாடிக் கேட்டால் விளையாட்டு மறைந்து ராகம் நிற்கிறது. அதுவே அவருடைய திறம். மேனாட்டு மெட்டுச் சாயலில் அவர் அமைத்த ஆங்கில நோட்டும் அத்தகையதே. மதுரை மணி ஐயர் கச்சேரிகளில் அதைப் பாடாமல் விட்டால் ரசிகர் எழுந்திருக்க மாட்டார்கள். பாண்டு வாத்தியம் முழங்கிய அரண்மனையில் வாழ்ந்தவருக்கு அத்தகைய மெட்டு காதில் படிந்திருக்கும் என்று கொள்ளுவதில் தவறில்லை.

மைசூரில் இருந்தாலும் சென்னை அவரை மறக்கவில்லை. 1930இல் சென்னை சங்கீத வித்வத் சபையின் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். பின்னர்ச் சங்கீத கலாநிதிப் பட்டம் ஏற்படுத்தப்பட்டபோது, முன்னரே தலைமை வகித்தோர் என்னும் முறையில் அவருக்கும் அது உரியதாயிற்று.

இரண்டாவது குடியேற்றம் திருவிதாங்கூருக்கு. திருநெல்வேலிச் சீமைக்கும் அந்நாட்டுக்கும் இடையே மலைதான் எல்லை. ஆரல்வாய்மொழி வழியாகவும் ஆரியங்காவு வழியாகவும் வித்துவான்கள் தொன்றுதொட்டுப் போய்வந்தனர். சுவாதித் திருநாள் மகாராஜா ஆண்ட 1829 முதல் 1846 வரையிலான காலத்தில் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அங்கே சென்று அரசவையில் வயலினுக்கு இடம் தேடித் தந்தார். ஒரு நூற்றாண்டு கழிந்து அதே அரசவைக்குப் பாகவதர் சென்றபோது நிலைமை வேறாக இருந்தது. வடிவேலுவுக்குப் பாட்டியற்றும் மன்னர் எதிரில் இருந்தார். பாகவதருக்கு அம்மன்னரின் ஏட்டுச் சுவடிகளே எஞ்சியிருந்தன.

அழைத்தவர் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் அன்னையார் மகாராணி சேது பார்வதி பாய். இசையறிந்தவர்; வீணை வாசிப்பவர். தம் குலத்து முன்னோரின் கீர்த்தனங்கள் உலகறிய வேண்டும் என்பது அவர் விருப்பம். திருவனந்தபுரத்து நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் பாடப்படும் கீர்த்தனங்கள் முல்லமூடு பாகவதர்களின் பரம்பரையால் வழிவழியாகக் காக்கப்பட்டிருந்தன. பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி விக்கிரகம் ஊர்வலமாக வந்து அம்மண்டபத்தில் எழுந்தருளும் வழக்கமும் தொடர்ந்தது. (1956இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது பத்மநாபபுரம் தமிழகத்தைச் சேர்ந்தது, ஊர்வலம் இன்றும் எல்லை கடந்து செல்கிறது.) இவ்வாறு வழக்கில் நின்றவை சில. மற்றவற்றுள் பலவற்றுக்குச் சாகித்தியம் கிடைத்தது, வர்ணமெட்டுக் கிடைக்கவில்லை. ராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருந்தாலும் பாடும் மரபு அறுந்திருந்தது.

பாகவதர் அறிந்தோரிடம் கேட்டுச் சேர்த்தார். சேர்த்ததைச் சுரப்படுத்தி எழுதினார். மெட்டு இல்லாதவற்றுக்குத் தாமே மெட்டமைத்தார். 1939இல் திருவனந்தபுரத்தில் சங்கீத அகாதெமி தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராகவும் பொறுப்பேற்றார். பின்னாளில் சுவாதித் திருநாளின் பெயரைப் பெற்ற கல்லூரி அதுவே. அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தவர், முப்பது வயதைச் சற்றே கடந்திருந்த செம்மங்குடி சீனிவாசையர். அவர்தாம் பின்னர் அப்பதவியை ஏற்றுப் பல்லாண்டுகள் அப்பணியை வளர்த்தார்.

இங்கேதான் பாகவதரின் வாழ்வில் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் வருகிறது. மைசூரில் அவர் படைத்தவற்றில் 'ஹரிகேச' முத்திரை இருந்தது. திருவனந்தபுரத்தில் அவர் மெட்டமைத்தவற்றில் இருப்பது பத்மநாபனின் பெயர். சுவாதித் திருநாளின் முத்திரை. உழைப்பு ஒருவருடையது, பாடல் மற்றொருவருடையது. அறுபது வயதை எட்டியவர், நானூறு உருப்படிகள் வரை இயற்றிய வாக்கேயகாரர், பிறர் பாட்டுக்கு மெட்டமைக்க உட்கார்ந்தார். தம் பெயர் தோன்றாத பணி அது என்பது அவருக்குத் தெரியாதிருக்க முடியாது.

இதனால் பிற்காலத்தில் வழக்கும் எழுந்தது. மன்னரின் பெயரால் பாடப்படுவனவற்றுள் எவை பழைய மெட்டு, எவை புதிது என்ற கேள்வியை இசையறிஞர் பலர் கேட்டனர். 1980களில் வீணை எஸ். பாலசந்தர் இன்னும் ஒருபடி சென்று, சுவாதித் திருநாள் என்னும் வாக்கேயகாரரே புனைவு என வாதிட்டுப் பெரும் புயலைக் கிளப்பினார். நவராத்திரி மண்டபத்தின் அறாத மரபையும் பழைய சுவடிகளையும் நோக்குவோர்க்கு அவ்வாதம் மிகை என்பது விளங்கும். ஆனால் முதற்கேள்வி நியாயமானது. ஒரே ராகமாகிய சாவேரியில் இருந்த 'பாவயாமி ரகுராமம்' செம்மங்குடியின் கையில் ராகமாலிகையாகி நாடெங்கும் பரவியதை எல்லோரும் அறிவர். எந்த மெட்டு எவருடையது என அன்றே தனித்தனியே குறித்து வைத்திருந்தால், மன்னருக்கும் குறைவில்லை. மெட்டமைத்தோருக்கும் உரியது கிடைத்திருக்கும். அரசவைப் பணியில் அவ்வாறு குறிக்கும் வழக்கம் இல்லை. வாழ வந்த வித்துவான் அதைக் கேட்டுப் பெறும் நிலையிலும் இல்லை.

இதில் மற்றொரு விசித்திரமும் உண்டு. அவர் தம் பெயரால் செய்த பெரும்பணியாகிய சாமுண்டேசுவரி நூற்றெட்டில் மேடையில் கேட்கக் கிடைப்பவை சிலவே. அரண்மனைக்கென உருவானவை பெரும்பாலும் அரண்மனையோடு நின்றன. தம் பெயர் தோன்றாமல் அவர் கைகொடுத்து எழுப்பிய சுவாதித் திருநாள் கீர்த்தனங்களோ ஒவ்வொரு பாடகரின் பாடாந்தரத்திலும் இடம்பெற்றன. கச்சேரிகள் எடுத்துக்கொண்டதும் விட்டதும் அவருடைய விருப்பப்படி அமையவில்லை. எவ்வாறாயினும், அந்த நூற்றெட்டையும் எடுத்துப் பயின்று பாடுவது இக்காலப் பாடகர் செய்யத்தக்க பணி. மொழி தடை என்பது பொருந்தாது. தெலுங்கு அறியாமலே தியாகராஜரைப் பாடுகிறோம்.

திருவிதாங்கூர் அவரைச் சிறப்பிக்கத் தவறவில்லை. அவர் எழுதிய 'சங்கீத கல்பத்ருமம்' என்னும் இசையிலக்கண நூலுக்காகத் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் 1943இல் டாக்டர் பட்டம் வழங்கிற்று. இசைக்கலைஞர் ஒருவர் இப்பட்டம் பெறுவது நம் நாட்டில் அதுவே முதன்முறை எனக் குறிப்பிடுவர். தியாகராஜ சுவாமிகளின் வரலாற்றை வடமொழியில் 'தியாகராஜ விஜயம்' என்னும் காவியமாகவும் அவர் பாடினார். தமிழில் கதையாகச் சொல்லி ஊர்தோறும் மக்களை உருக்கிய அதே சரித்திரம், மேடையின் ஆரவாரம் குறைந்த வயதில், சுலோகங்களாக மாறிற்று.

மைசூரின் தொடர்பு இதற்கிடையில் அறுந்துவிடவில்லை. அவரை அழைத்து ஆதரித்த கிருஷ்ணராஜ உடையார் 1940 ஆகஸ்டில் மறைந்து, ஜயசாமராஜ உடையார் அரியணை ஏறியிருந்தார். புதிய மன்னரும் இசையில் ஆழ்ந்தவர். பின்னாளில் தாமே கிருதிகள் இயற்றியவர். பாகவதரின் இறுதி நாட்கள் அந்நகரில் கழிந்தன. 1945ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், அறுபத்தேழாம் வயதில், மைசூரிலேயே அவர் காலமானார்.

இரண்டே ஆண்டுகளில் நாடு விடுதலை பெற்றது; சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக இந்திய ஒன்றியத்தில் சேர்ந்தன. ஆஸ்தான வித்துவான் என்னும் பதவியின் பழைய பொருள் அத்தோடு போயிற்று. திருவனந்தபுரத்துக் கல்லூரி அரசுக் கல்லூரியாகத் தொடர்ந்தது. மைசூர் அரண்மனையின் தர்பார் மண்டபத்தைப் பார்க்க இன்று சீட்டு வாங்கிக்கொண்டு எவரும் செல்லலாம். மலைமேல் சாமுண்டி வீற்றிருக்கிறாள். அவளைக் கன்னடத்தில் பாடிய கிருதிகளின் சரணங்களில், பொருநைக் கரைச் சிற்றூர் ஒன்றின் பெயர் இருக்கிறது.